தலைக்கேற்ற கவசம்: வாசகர் கேள்வி – பதில்

படைவீரர்களும் சிறப்புக் காவல் பிரிவினரும் அணியும், பாகங்களை மாற்றிப் பொருத்தக்கூடிய குண்டு தாங்கும் ஹெல்மெட் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

செய்திப் படங்களில் வீரர்களின் ஹெல்மெட்டைப் பார்த்தால் நெற்றியில் ஒரு தகடு, இரு பக்கமும் பட்டை, பின்னால் ஒரு திருகு என்று என்னென்னவோ இருக்கின்றன. ஒவ்வொன்றும் எதற்கு? – மதுரை வாசகர்

அடிப்படை மூன்றே பாகங்கள்தான்: ஓடு, ஓட்டுக்குள் ஒட்டும் நுரைப் பேடுகள், தலையோடு பிடித்துவைக்கும் வார். மற்றவை எல்லாம் இவற்றின் மேல் ஏறுபவை.

ஓடு, அராமிட் என்ற மிக வலுவான செயற்கை நாராலோ, பாலிஎத்திலீன் வகை நாராலோ ஆனது. நார்த் துணியை அடுக்கி, பிசினோடு சேர்த்து, சூட்டிலும் அழுத்தத்திலும் அச்சில் வார்க்கிறார்கள். அராமிட் என்றதும் பலருக்கு நினைவுக்கு வரும் கெவ்லார், 1965-ல் டூபாண்ட் நிறுவனத்தில் ஸ்டெஃபனி குவோலெக் கண்டறிந்தது. 1980-களில் அமெரிக்க ராணுவம் எஃகு ஹெல்மெட்டைக் கைவிட்டு கெவ்லாருக்கு மாறியது. அந்த முதல் தலைமுறை ஓட்டுக்குள் பேடுகள் கிடையாது, வலைப்பட்டைகள்தான். 2000-களில் அதே ராணுவத்துக்கு வந்த ஏ.சி.எச். (அட்வான்ஸ்டு காம்பாட் ஹெல்மெட்)தான் ஏழு பேடுகளையும் நான்கு முனை வாரையும் பரவலாக்கியது.

நெற்றித் தகட்டின் பெயர் ஷ்ரவுட். இரவுப் பார்வைக் கருவியின் கொக்கி அதில் மாட்டும். இதில் ஒற்றைத் துளை வகையும் மூன்று துளை வகையும் உண்டு. கருவியை ஷ்ரவுடோடு இணைக்கும் மவுன்ட் வாங்குவதற்கு முன், அது உங்கள் ஷ்ரவுடுக்குப் பொருந்துமா என்று பார்த்துவிட வேண்டும். பக்கவாட்டுப் பட்டைகளை ரெயில் என்பார்கள். விளக்கு, காதுக் கருவியின் கைகள், முகக் கண்ணாடி எல்லாம் அதில் ஏறும். பின்னால் உள்ள திருகு, உள்பட்டையை இறுக்கித் தளர்த்தும் டயல். அமெரிக்க ராணுவத்தின் புதிய தலைக்கவசத் தொகுதியான ஐ.எச்.பி.எஸ்.-ல் தாடைக் கவசத்தையும், ஓட்டின் மேல் ஏற்றும் கூடுதல் குண்டுத் தடுப்பு ஓட்டையும்கூட தேவைக்கேற்ப மாட்டலாம், கழற்றலாம். ‘மாடுலர்’ என்ற பெயர் இதனால்தான்.

“லெவல் 3ஏ ஹெல்மெட்” என்று விளம்பரம் செய்கிறார்கள். ஏ.கே. துப்பாக்கிக் குண்டை அது தாங்குமா? – திருச்சி வாசகர்

தாங்காது. 3ஏ என்பது கைத்துப்பாக்கிக் குண்டுக்கான அளவு. 9 மி.மீ. குண்டு சுமார் 8 கிராம் எடையுள்ளது, வினாடிக்கு 427 மீட்டர் வேகத்தில் வந்தால் அதன் ஆற்றல் ஏறத்தாழ 730 ஜூல். ஏ.கே.யின் 7.62 மி.மீ. குண்டு ஏறத்தாழ 2,000 ஜூலோடு வருகிறது. கூர்மையும் அதிகம், பல குண்டுகளுக்கு எஃகு உள்ளீடும் இருக்கும். சாய்ந்து படும்போதும், தொலைவில் வேகம் குறைந்து படும்போதும் ஹெல்மெட் திருப்பிவிட்ட நிகழ்வுகள் உண்டு. அதை நம்பி யாரும் வெளியே தலை நீட்டக் கூடாது. குண்டைவிட வெடிச்சிதறல்களைத் தடுப்பதே ஹெல்மெட்டின் முதல் வேலை. களத்தில் தலைக் காயங்களில் பெரும்பங்கு சிதறல்களால்தான்.

இந்த ‘3ஏ’ முத்திரையில் கவனிக்க வேண்டிய ஓர் உள்விஷயம் இருக்கிறது. அமெரிக்க நீதித்துறையின் என்.ஐ.ஜே. அமைப்பு ஹெல்மெட்டுக்கென்று 1981-ல் வெளியிட்ட 0106.01 தரத்தில் 3ஏ என்ற படியே கிடையாது. அது குண்டு துளைக்காத அங்கிக்கான தரத்திலிருந்து எடுத்துக்கொண்ட பெயர். அங்கிச் சோதனையில் குண்டு நின்றபின் உள்பக்கம் 44 மி.மீ. வரை குழிந்தால்கூட ஏற்றுக்கொள்வார்கள். மார்புக்கு அது பொறுக்கும், மண்டையோட்டுக்குப் பொறுக்காது. ஏ.சி.எச். தேர்வில் குழிவு முன்னும் பின்னும் 25.4 மி.மீ., பக்கங்களிலும் உச்சியிலும் 16 மி.மீ. தாண்டக் கூடாது என்று வைத்தார்கள். ஆகவே விற்பவரிடம் “3ஏ-வா?” என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். “9 மி.மீ. குண்டுக்கு உள்குழிவு எத்தனை மி.மீ., எந்தப் பரிசோதனைக் கூடத்தின் அறிக்கை, எந்த அளவு ஓட்டில் எடுத்தது?” என்று கேளுங்கள். எழுத்தில் பதில் வராவிட்டால் அந்த ஹெல்மெட்டை விட்டுவிடுங்கள்.

என் மகன் மத்திய ஆயுதக் காவல் படையில் இருக்கிறான். ஹெல்மெட் போட்ட அரை மணி நேரத்தில் நெற்றி வலிக்கிறது, தரையில் படுத்தால் கண்ணை மறைக்கிறது என்கிறான். அளவு சரிதான் என்று சொல்லிக் கொடுத்தார்களாம். என்ன செய்யலாம்? – தேனி வாசகி

அம்மா, இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். குண்டு தாங்கும் ஓட்டைத் தேர்ந்தெடுப்பதில் காட்டும் அக்கறையை அதைத் தலையில் பொருத்துவதில் பெரும்பாலும் காட்டுவதில்லை. எவ்வளவு நல்ல ஓடாக இருந்தாலும் வலித்தால் வீரர் பின்னால் தள்ளிப் போடுவார், வாரைத் தளர்த்துவார், வாய்ப்புக் கிடைத்தால் கழற்றிவிடுவார்.

முதலில் அளவு. தலையின் சுற்றளவு மட்டும் போதாது. புருவத்துக்கு மேல் ஒரு அங்குலத்தில் ஆரம்பித்து, பின்மண்டையில் துருத்தியிருக்கும் இடத்தைச் சுற்றி டேப் வைத்து அளக்க வேண்டும். பிறகு நீளமும் அகலமும். அகலம் அளக்கும் காலிப்பர் கருவி இல்லாவிட்டால் சுவரில் பின்மண்டையை ஒட்டி நின்று, நெற்றியில் ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைச் சுவருக்கு இணையாக வைத்து, சுவருக்கும் அட்டைக்கும் உள்ள தூரத்தை இன்னொருவர் அளக்கலாம். காதுகளுக்கு மேல் தலையின் இரு பக்கமும் இரண்டு அட்டைகளை இணையாக வைத்து, அவற்றுக்கு நடுவே அளந்தால் அகலம் கிடைக்கும். ஒரே சுற்றளவுள்ள இருவரில் ஒருவருக்குத் தலை நீண்டு ஒடுங்கியும், மற்றவருக்கு உருண்டும் இருக்கும். நீண்ட தலைக்குச் சுற்றளவை மட்டும் பார்த்துக் கொடுத்த ஓடு, நெற்றியிலும் பின்மண்டையிலும் அழுத்தி, காதுக்கு மேல் தொளதொளவென்று நிற்கும். உங்கள் மகனுக்கு நடப்பது இதுவாக இருக்கலாம். மூன்று அளவுகளையும் அந்த ஹெல்மெட் தயாரிப்பாளரின் அட்டவணையோடு ஒப்பிடச் சொல்லுங்கள். ஒரு நிறுவனத்தின் ‘மீடியம்’ இன்னொன்றின் ‘லார்ஜ்’ ஆகிவிடுகிறது.

அடுத்தது பேடு. ஏழு பேடு அமைப்பில் உச்சிக்கு ஒரு வட்டம், முன்னும் பின்னும் ஒவ்வொரு சரிவகம், பக்கங்களுக்கு நான்கு நீள்வடிவம். இரண்டு தடிமன்களில் வரும். அதில் 6 என்று இருந்தால் முக்கால் அங்குலம், 8 என்று இருந்தால் ஒரு அங்குலம். ஏழும் ஒரே தடிமனாக இருந்தாக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. நீண்ட தலைக்கு முன்னும் பின்னும் மெல்லியது, பக்கங்களில் தடித்தது என்று கலந்து ஒட்டினால் பல நேரம் ஓட்டை மாற்றாமலே வலி போய்விடும். முன் பேடின் கீழ் விளிம்பு ஓட்டின் விளிம்போடு ஒத்து நிற்க வேண்டும், வெளியே துருத்தக் கூடாது. பேடுகளுக்கிடையே விரல் நுழையும் இடைவெளி விட்டால் காற்றும் போகும். உறுத்துகிறது என்று ஒரு பேடைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வதோ, கடைப் பஞ்சை வெட்டி ஒட்டுவதோ கூடவே கூடாது. மேலே சொன்ன உள்குழிவு மண்டையைத் தொடாமல் காப்பது, ஓட்டுக்கும் தலைக்கும் நடுவே பேடு வைத்திருக்கும் அந்த இடைவெளிதான்.

வலி எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க ஒரு வழி: இருபது நிமிடம் அணிந்துவிட்டுக் கழற்றி, நெற்றியைக் கண்ணாடியில் பார்க்கட்டும். சீராக வெளிர் சிவப்பாக இருந்தால் அழுத்தம் பரவலாக இருக்கிறது, பொருத்தம் சரி. குறுக்கே ஒரே நேர்கோடு விழுந்திருந்தால் பேடின் விளிம்போ உள்பட்டையோ வெட்டுகிறது. புள்ளியாகச் சிவந்திருந்தால் பேடின் மூலையோ, பேடு நகர்ந்து வெளிப்பட்ட போல்ட் தலையோ குத்துகிறது. டயல் உள்ள ஹெல்மெட்டில் வலிக்குப் பெரும்பாலும் வேறு காரணம்: ஓடு பெரிதாக இருப்பதை டயலை முறுக்கிச் சரிக்கட்டுவது. டயல் கடைசியாக நுணுக்கம் செய்வதற்கு மட்டும்தான். இரண்டு மூன்று சொடுக்குகளில் நிலைக்காவிட்டால் பேடிலோ அளவிலோ கோளாறு.

இனி வார். எல்லாவற்றையும் முழுக்கத் தளர்த்திவிட்டு ஹெல்மெட்டை நேராக, தரைக்கு இணையாக வைக்க வேண்டும். முன் விளிம்பு புருவத்துக்கு அரை அங்குலம் மேலே, கண்ணை மட்டும் உயர்த்தினால் விளிம்பு தெரிய வேண்டும். பலரும் தாடைப் பட்டையை முதலில் இறுக்கிவிடுவார்கள், தவறு அங்கேதான் தொடங்குகிறது. முதலில் பிடரிப் பட்டை. அது பின்மண்டை மேட்டுக்குக் கீழே உட்கார்ந்து, ஹெல்மெட் முன்னால் சாயாமல் பிடிக்கும் அளவுக்கு இரு பக்கமும் ஒரே நீளமாக இழுக்க வேண்டும். பிறகுதான் தாடை. தாடைக் கிண்ணம் நடுவில் நிற்க வேண்டும், வாய் திறந்து பேச முடிய வேண்டும், பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே ஒரு விரல் நுழைய வேண்டும்.

இப்போது இரு கையாலும் ஓட்டைப் பிடித்து இடவலமாகவும் மேலும் கீழுமாகவும் ஆட்டிப் பாருங்கள். நெற்றித் தோல் ஓட்டோடு சேர்ந்து நகர வேண்டும். தோல் அசையாமல் ஓடு மட்டும் நகர்ந்தால் தளர்ச்சி. பின் விளிம்பைக் கீழிருந்து முன்னோக்கித் தள்ளினால் ஹெல்மெட் கண்ணுக்கு மேல் உருண்டு வந்தால் பிடரிப் பட்டை போதவில்லை.

படுத்தால் கண் மறைவதற்குத் தனிக் காரணம் இருக்கிறது. குப்புறப் படுத்துத் தலையைத் தூக்கும்போது ஹெல்மெட்டின் பின்விளிம்பு குண்டு துளைக்காத அங்கியின் கழுத்துப் பட்டையிலோ முதுகுத் தகட்டிலோ முட்டி, முன்னால் தள்ளப்படுகிறது. ஆகவே பொருத்தம் பார்ப்பது அங்கி, முதுகுப் பை எல்லாம் போட்டுக்கொண்டு, படுத்தும் பார்த்தால்தான் முழுமை. அங்கியின் தோள்பட்டைகளை ஒரு அங்குலம் தளர்த்தி முதுகுத் தகட்டைக் கீழே இறக்கினாலே பாதிப் பிரச்சினை தீரும். மீதிக்கு, பிடரிப் பட்டையை இறுக்கலாம்.

காது மூடிய வடிவம், காது திறந்த வடிவம்: எது நல்லது? – கோவை வாசகர்

காது வரை மூடுவது முழு வெட்டு, பாதி மூடுவது நடு வெட்டு, காதுக்கு மேலேயே நின்றுவிடுவது உயர் வெட்டு. பீரங்கி, குண்டுச் சிதறல் அபாயம் மிகுந்த இடத்தில் முழு வெட்டு. வயர்லெஸ் தொடர்பும் ஒலித்தடுப்புக் காதுக் கருவியும் எப்போதும் வேண்டியவர்களுக்கு உயர் வெட்டு. விலைக்காகவோ தோற்றத்துக்காகவோ உயர் வெட்டு வாங்குவதை நாங்கள் ஏற்கவில்லை. காதையும் பொட்டையும் சுற்றி ஒரு கையகலப் பாதுகாப்பை அது விட்டுக்கொடுக்கிறது. அதற்கு ஈடாகக் காதுக் கருவி உண்மையிலேயே தேவைப்பட வேண்டும்.

முழு வெட்டுக்குள் காதுக் கருவியைத் திணித்தால் ஓடு அந்தக் கருவியின் காதுக் கிண்ணத்தை அழுத்தி, காதைச் சுற்றிய மூடல் விலகும். கண்ணாடிக் காம்பும் அதே வேலையைச் செய்யும். மெல்லிய, தட்டைக் காம்புள்ள கண்ணாடியே ஏற்றது. உயர் வெட்டில் தலைப்பட்டை உள்ள காதுக் கருவியை அப்படியே அணிந்தால் பட்டை உச்சிப் பேடின் கீழ் மாட்டி உறுத்தும். ரெயிலில் மாட்டும் கைகளை வாங்கினால் தலைப்பட்டையே வேண்டாம். ஆனால் வேலை முடிந்ததும் கிண்ணங்களை ஓட்டின் மேல் மடக்கி அழுத்தியபடி நாள்கணக்கில் வைக்காதீர்கள். கைகளின் விறைப்பும் காதுமெத்தையின் புடைப்பும் போய்விடும்.

இரவுப் பார்வைக் கருவியை மாட்டினால் தலை முன்னால் இழுக்கிறது. பின்னால் எடை கட்டலாமா? – வேலூர் வாசகர்

கட்டலாம், கடைசி வழியாக. ஒற்றைக்கண் கருவி சுமார் 350 கிராம்தான். ஆனால் அது முகத்துக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருப்பதால் கழுத்து எலும்பின் மேல் அதன் இழுப்பு எடையைவிடப் பெரிதாக உணரப்படும். இரட்டைக்கண் கருவியில் இன்னும் கூடும். முதலில் மவுன்டை எவ்வளவு முடியுமோ அவ்வளவு கண்ணுக்கு அருகில் தள்ளுங்கள். பிடரிப் பட்டையை மேலே சொன்னபடி சரிசெய்யுங்கள். அதற்குப் பிறகும் இழுத்தால், ஏற்கெனவே சுமந்துதான் ஆகவேண்டிய மின்கலப் பெட்டியையோ ஒளி அடையாளக் கருவியையோ பின்புற வெல்க்ரோவுக்கு மாற்றுங்கள். அதுவும் போதாவிட்டால்தான் தனி எடை. சிறிதாகத் தொடங்கி, ஓடு தானாக நேராக நிற்கும் அளவில் நிறுத்துங்கள். முன்பக்க எடைக்குச் சமமாக வைத்தே தீரவேண்டும் என்பதில்லை. பின்னால் போடும் ஒவ்வொரு கிராமும் கழுத்தின் மொத்தச் சுமையில் சேர்கிறது. கருவியைக் கழற்றும்போது அதையும் கழற்றிவிட வேண்டும், இல்லையென்றால் ஹெல்மெட் பின்னால் சரியும்.

எனக்கு நீளமான முடி. கொண்டை போட்டால் ஹெல்மெட் முன்னால் தள்ளுகிறது. முடியை வெட்டித்தான் ஆகவேண்டுமா? – சென்னை வாசகி, காவல் பணி

வேண்டாம். கொண்டை பின்மண்டை மேட்டில் இருந்தால் ஓடு உட்காரவே உட்காராது. பிடரிப் பட்டைக்கு அடியில் வரும்படி தளர்ந்த ஒற்றைப் பின்னலாகப் போட்டுச் சட்டைக் காலருக்குள் விடுங்கள். விதி கொண்டையைத்தான் அனுமதிக்கிறது என்றால், பட்டைக்குக் கீழே தட்டையாக. அமெரிக்க ராணுவம் 2021-ல் பெண்களுக்குப் பின்னலையும் குதிரைவாலையும் அனுமதித்தபோது, ஹெல்மெட் சரியாகப் பொருந்துவதையும் ஒரு காரணமாகச் சொன்னது. உங்கள் மேலதிகாரியிடம் பேச இது உதவும். எப்படி முடியைக் கட்டுவீர்களோ அப்படியே கட்டிக்கொண்டு அளவு கொடுங்கள். அவிழ்த்த முடியோடு எடுத்த அளவு பயன்படாது.

சீக்கிய வீரர்களுக்கென்று தனி ஹெல்மெட் என்று படித்தோம். வடிவத்தில் என்ன வேறுபாடு? – புதுச்சேரி வாசகர்

கான்பூரின் எம்.கே.யு. நிறுவனம் ‘வீர்’ என்ற பெயரில் வெளியிட்டது. தலைமுடி முடிச்சுக்கு இடம் விட்டு உச்சி நடுவே மேடாக வார்த்த ஓடு அது. 2023 ஜனவரியில் இந்திய ராணுவம் சீக்கிய வீரர்களுக்காக 12,730 குண்டு தாங்கும் ஹெல்மெட்டுகள் கோரியது; 8,911 பெரிய அளவு, 3,819 மிகப் பெரிய அளவு. தலைப்பாகைக்கு மேல் எந்தத் தொப்பியும் கூடாது என்று, குருத்வாராக்களை நிர்வகிக்கும் சீக்கிய அமைப்பான சிரோமணி குருத்வாரா பிரபந்தக் குழு எதிர்த்தது. சமய முடிவு அவர்களுடையது. பொருத்தத்தைப் பொறுத்தவரை, சாதாரண ஓட்டில் முடிச்சு உச்சிப் பேடைத் தூக்கிவிடும், ஓடு முழுவதும் மேலேறி நெற்றியும் பிடரியும் வெளியே தெரியும். மேட்டு வடிவம் தீர்க்க முயல்வது அதைத்தான். அதற்கு முன் நெடுங்காலம் எதிர்க்கிளர்ச்சிப் பணியில் இருந்த பட்கா வகைக் கவசம் நெற்றியையும் பின்மண்டையையும் மட்டுமே காத்தது, எடையும் இரண்டு கிலோவுக்கு மேல்.

இணையத்தில் 2,500 ரூபாய்க்கு ‘டாக்டிகல் ஹெல்மெட்’ கிடைக்கிறது. பைக்கில் போட்டுக்கொள்ளலாமா? – சேலம் வாசகர்

கூடாது, தம்பி. அந்த விலையில் வருவது ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கில் வார்த்த வெறும் தோற்றப் பொருள். குண்டும் தாங்காது, விழுந்தாலும் தாங்காது. உண்மையான ராணுவ ஹெல்மெட்டுகூட பைக்குக்கு ஆகாது. ஏ.சி.எச். மோதல் சோதனை வினாடிக்கு 3 மீட்டர் வேகத்தில், அதாவது ஒன்றரை அடி உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். அமெரிக்க இருசக்கர ஹெல்மெட் தரத்தில் தட்டைப் பரப்புச் சோதனை வினாடிக்கு 6 மீட்டர், ஆறடி உயரம். வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்கு. அதை உறிஞ்ச பைக் ஹெல்மெட்டுக்குள் நசுங்கும் தெர்மாகோல் அடுக்கு தடிமனாக இருக்கிறது, ராணுவ ஓட்டில் அது இல்லை. நம் நாட்டில் 2021 ஜூன் 1 முதல் இருசக்கர ஹெல்மெட்டுக்கு ஐ.எஸ். 4151 தரமும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் கட்டாயம். அதையே வாங்குங்கள்.

ஓட்டில் ஒரு போல்ட் துருப்பிடித்துவிட்டது. கடையில் அதே அளவில் வாங்கிப் போடலாமா? கேமரா மாட்ட ஒரு துளை போட்டுக்கொள்ளலாமா? – ராமநாதபுரம் வாசகர்

இரண்டும் வேண்டாம். போல்ட்டும் குண்டை எதிர்கொள்ளும் பாகம்தான். குண்டு அதன் மேல் பட்டால் தரமற்ற போல்ட் உடைந்து உள்ளே தெறிக்கும். 2009-ல் அமெரிக்க ராணுவம் சுமார் 34,000 ஹெல்மெட்டுகளைத் திரும்பப் பெற்றது இதனால்தான். தாடைப் பட்டையைப் பிடிக்கும் திருகுகள் தரத்துக்கு ஏற்றவையாக இல்லை. தயாரிப்பாளரின் போல்ட்டையே கேட்டு வாங்குங்கள். துளையோ, நார் அடுக்குகளை அறுத்து விளிம்பிலிருந்து பிரிய வழி செய்கிறது. கேமராவை ஷ்ரவுடிலோ ரெயிலிலோ மாட்டுங்கள்.

வியர்வை நாற்றம் தாங்கவில்லை. எப்படிக் கழுவுவது, எப்போது ஓட்டைத் தூக்கிப் போடுவது? – தூத்துக்குடி வாசகர்

கழற்றுவதற்கு முன் பேடுகள் ஒட்டியிருக்கும் விதத்தைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வெதுவெதுப்பான நீரில் மிதமான சோப்பைக் கரைத்து, பேடை அழுத்தி அழுத்தி எடுங்கள், முறுக்கிப் பிழியாதீர்கள். சோப்பு போகும்வரை அலசி, நிழலில் உலர்த்துங்கள். சலவை எந்திரம், வெயில், இஸ்திரிப் பெட்டி, பெட்ரோல், தின்னர் எதுவும் ஆகாது. ஓட்டை ஈரத் துணியால் துடைத்தால் போதும். ஸ்ப்ரே பெயின்டில் உள்ள கரைப்பான் பிசினைத் தாக்கக்கூடும் என்பதால், தயாரிப்பாளர் ஒப்புக்கொண்ட பெயின்ட் தவிர வேறு பூச வேண்டாம். பாலிஎத்திலீன் ஓட்டுக்குச் சூடு முதல் எதிரி. மூடிய ஜீப்பின் டேஷ்போர்டில் சித்திரை வெயிலில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். அராமிட் ஓட்டுக்கு வெயிலும் ஈரமும் எதிரி. பெயின்ட் உரிந்து நார் தெரிந்தால் உடனே கவனிக்க வேண்டும்.

மாதம் ஒருமுறை பேடுகளை எடுத்துவிட்டு உள்ளும் புறமும் விரலால் தடவிப் பாருங்கள். உப்பல், மெத்தென்று அமுங்கும் இடம், விளிம்பில் அடுக்குப் பிரிதல், ரப்பர் விளிம்பு கழன்று நிற்றல் இருக்கிறதா? ஒரு நாணயத்தால் ஓடு முழுக்க மெல்லத் தட்டுங்கள். ‘டக்’ என்ற கெட்டி ஓசை ஓரிடத்தில் மட்டும் மழுங்கிக் கேட்டால் உள்ளே அடுக்கு பிரிந்திருக்கலாம். ஆயுதக் கிடங்கில் காட்டுங்கள். குண்டோ சிதறலோ பட்ட ஓடு வெளியே எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் மறுபடி தலையில் ஏறக் கூடாது. பேடுகளின் ஆயுள் ஓட்டைவிடக் குறைவு. கட்டைவிரலால் அழுத்திவிட்டால் மெதுவாகவாவது பழைய உயரத்துக்கு வர வேண்டும். வராத பேடையும், பிடிப்பு விட்டுப்போன வெல்க்ரோ வட்டத்தையும் உடனே மாற்றுங்கள். குளிர்ப் பிரதேசத்தில் பேடு கல் போலக் கெட்டிப்படுவது நுரையின் இயல்புதான். அணிவதற்கு முன் சற்று நேரம் சட்டைக்குள் வைத்துச் சூடேற்றினால் இளகிவிடும்.